'இன்னும் ஏன் மெசின் போடலை?' – ஐசியூவில் டயாலிசிஸ் எப்போது தொடங்க வேண்டும்?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் துக்க வீட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் யாராவது சொல்லிவிடுவார்கள், "அன்னைக்கே கிட்னி மெசின் போட்டிருந்தா ஆள் பொழைச்சிருப்பார்" என்று. பக்கத்து நாற்காலிக்காரர் அதற்கு நேர்மாறாக, "மெசின் போட்டதாலதான் முடிஞ்சுபோச்சு" என்பார். இரண்டு பேருமே இறந்தவர் மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு பந்தலோடு நிற்பதில்லை. அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் ஆஸ்பத்திரியில் தவித்து நிற்கும்போது அதே பேச்சு நினைவுக்கு வந்து, ஒன்று டாக்டரோடு சண்டைக்குப் போக வைக்கிறது, இல்லையென்றால் போட வேண்டிய கையெழுத்தைப் போட விடாமல் தடுக்கிறது.

14 வருடம் ஐசியூவில், அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில், மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்தவள் நான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் என்னைத்தான் தேடி வந்து கேட்பார்கள். அவசரத்தில் கட்டில் ஓரத்தில் நின்று சொன்னதையெல்லாம் இங்கே நிதானமாக எழுதுகிறேன். நோயாளிகள் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடைவீட்டு டயாலிசிஸ் வேறு, ஐசியூ டயாலிசிஸ் வேறு

டயாலிசிஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடைவீட்டு வரிசையில் இருக்கும் டயாலிசிஸ் நிலையம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். மலேசியாவில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் டயாலிசிஸை நம்பி வாழ்கிறார்கள், முக்கியக் காரணம் இனிப்புநீர் என்கிற நீரிழிவு. இவர்களுடைய சிறுநீரகம் பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, இனித் திரும்பாது என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது.

ஐசியூவில் நடப்பது அது இல்லை. போன வாரம்வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிறுநீரகம், உடம்பில் வேறெங்கோ விழுந்த பெரிய அடியால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ வேலையைக் குறைத்துக்கொள்கிறது, அல்லது நிறுத்திவிடுகிறது. இதற்குப் பெயர் திடீர் சிறுநீரகப் பாதிப்பு. கிருமி உடம்பு முழுக்கப் பரவி இரத்த அழுத்தம் விழுவதுதான் ஐசியூவில் இதற்கு முதல் காரணம். நம்ம பக்கம் டெங்கியும், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக வரும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் உண்டு. செம்பனைக் காட்டில் தேங்கிய தண்ணீரில் காலில் புண்ணோடு நடக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"மெசின் போட்டால் ஆயுசுக்கும் மெசின்தான்" என்ற பயம் முதல் வகையைப் பார்த்து வந்தது. இரண்டாவது வகையில் ஆள் பிழைத்துவிட்டால் சிறுநீரகமும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஏற்கெனவே சிறுநீரகம் பாதி கெட்டிருந்தவர்களுக்கு மட்டும் அந்த உறுதியைக் கொடுக்க முடியாது.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால்

லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு பொது வாய்க்கால் ஓடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக் கழிவுத் தண்ணீரும் அதில் போகும். நவம்பர் மழையில் மண்ணும் இலையும் சேர்ந்து அடைத்துவிட்டால் தண்ணீர் பின்வாங்கி மேலே ஏறும். தோட்டத்தில் ஒரு எஞ்சின் பம்பு இருக்கிறது, அதைக் கொண்டுவந்து வைத்து இறைக்கலாம். ஆனால் எவ்வளவு இறைத்தாலும் பம்பு அடைப்பை எடுக்காது. மழை விட்டு, மண் கரைந்து, வாய்க்கால் தானாகத் திறந்துகொள்ளும்வரை வீட்டுக்குள் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சிறுநீரகம்தான் அந்த வாய்க்கால். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கழிவோடு சிறுநீராக வெளியேற்றுகிறது. இந்த வேலைக்கு நல்ல அழுத்தத்தில் நிறைய இரத்தம் வேண்டும். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் போகிறது. அழுத்தம் விழுந்தாலோ கிருமியின் விஷம் பட்டாலோ, உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் சுவர் அடிபட்டு வடிகட்டல் நின்றுபோகும். அந்தச் சுவருக்குத் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தி உண்டு. பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் பிடிக்கும்.

டயாலிசிஸ்தான் அந்தப் பம்பு. இரத்தத்தை வெளியே எடுத்து, மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் சுத்தமான திரவத்தை ஓடவிட்டால், கழிவு இரத்தத்திலிருந்து திரவத்துக்குத் தாவும், சுத்தமான இரத்தம் உடம்புக்குத் திரும்பும். நெதர்லாந்து மருத்துவர் வில்லம் கோல்ஃப் 1943-ல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தொத்திறைச்சிக்குத் தோலாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி இதைச் செய்தார். முதலில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-ல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அவருக்கு வந்திருந்ததும் திடீர் பாதிப்புதான். இந்த மெசின் முதலில் காப்பாற்றியதே ஐசியூ வகை நோயாளியைத்தான். ஆயுள் முழுக்கப் போடுவதெல்லாம் பிறகு வந்தது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் குணப்படுத்தாது. குணமாகும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும்.

எண்ணைப் பார்த்துப் பயந்த அண்ணன்

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே எண்தான், கிரியேட்டினின். தசைகள் தினமும் வெளியிடும் ஒரு கழிவு இது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் சேரும். ஆரோக்கியமானவர்களுக்கு மலேசிய ரிப்போர்ட்டில் சுமார் 60-லிருந்து 110 மைக்ரோமோல்வரை இருக்கும். இந்திய யூடியூப் வீடியோக்களில் வேறு அளவுமுறை. அங்கே 1 என்பது இங்கே 88. "நாலுக்கு மேல போனா டயாலிசிஸ்" என்று அங்கே யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, இங்கே 350 என்று பார்த்ததும் பதறிப்போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 26 மைக்ரோமோல் ஏறினால், அல்லது ஆறு மணி நேரமாகச் சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் கீழே போனால் (60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி), திடீர் பாதிப்பு என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் கோடு. மெசின் போடும் கோடு என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

செம்பனைக் குலை வெட்டுகிற ஒரு தம்பிக்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சல். கண் மஞ்சள், கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே கத்துவார். இரண்டாம் நாள் கிரியேட்டினின் 486. சிறுநீர்ப் பையோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் அளவுப் பெட்டி தொங்கும், மணிக்கு ஒரு தடவை குனிந்து பார்த்து எழுதுவோம்: 12 மில்லி, 10 மில்லி, 12 மில்லி. அவருடைய அண்ணன் என் கூடவே குனிந்து பார்ப்பார். "மிஸ்ஸி, இன்னும் ஏன் மெசின் போடலை? நாங்க தோட்டத்து ஆளுங்கன்னா?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வலித்தது, அவர் கேட்டதில் தப்பும் இல்லை. "அண்ணே, பொட்டாசியம் 4.1, நெஞ்சில தண்ணி கோக்கலை, மூச்சு நல்லா விடுறாரு. மருந்து வேலை செய்ய நேரம் கொடுக்குறாங்க" என்றேன்.

நான்காம் நாள் காலையில் கிரியேட்டினின் 590. அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். ஆனால் முந்தின இரவிலிருந்தே அளவுப் பெட்டியில் 40, 65, 90 என்று ஏறிக்கொண்டிருந்தது. கிரியேட்டினின் எப்போதும் பின்தங்கி வரும் எண். சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏறும், சிறுநீரகம் எழுந்து உட்கார்ந்த பிறகும் உடனே இறங்காது. நானும் அண்ணனும் சேர்ந்து பெட்டியைத்தான் பார்த்தோம். ஆறாம் நாள் எண் இறங்க ஆரம்பித்தது. அந்தத் தம்பிக்குக் கடைசிவரை மெசின் தேவைப்படவே இல்லை.

முன்கூட்டியே போட்டால் என்ன கெட்டுவிடும்?

நியாயமான கேள்வி. எப்படியும் கெடப் போகிறது, முதலிலேயே போட்டுவிட்டால் பாதுகாப்புதானே? மருத்துவர்களில் பலரும் நீண்ட காலம் அப்படித்தான் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஆனால் பம்பு வைக்கக் குழி தோண்ட வேண்டுமே, அந்தச் சேதம் உண்டு. கழுத்திலோ தொடை இடுக்கிலோ பெரிய இரத்தக் குழாய்க்குள் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு குழாயைச் செருக வேண்டும், இதைத்தான் கதீட்டர் என்கிறோம். அதன் வழியாக இரத்தம் கசியலாம், கிருமி நேராக இரத்தத்துக்குள் போகலாம். இரத்தம் வெளியே போய்வரும்போது அழுத்தம் விழுந்தால், ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. கழிவோடு சேர்ந்து ஆன்டிபயாட்டிக்கும் பாஸ்பேட் போன்ற தேவையான உப்புகளும் வெளியே போய்விடும்.

இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் கணக்கெடுத்தார்கள். 2016-ல் ஜெர்மனியில் ஒரே மருத்துவமனையில் 231 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சீக்கிரம் தொடங்கியவர்கள் அதிகம் பிழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அதே வருடம் பிரான்சில் 31 ஐசியூக்களில் 620 பேரை வைத்து நடந்த ஆய்வில் வித்தியாசமே இல்லை: 60 நாளில் இறந்தவர்கள் சீக்கிரம் போட்ட குழுவில் 48.5 சதவீதம், காத்திருந்த குழுவில் 49.7. காத்திருந்த குழுவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மெசினே தேவைப்படவில்லை. கதீட்டரால் வரும் இரத்தத் தொற்று சீக்கிரம் போட்டவர்களில் 10 சதவீதம், மற்றவர்களில் 5. 2018-ல் பிரான்சிலேயே, கிருமித்தொற்றால் இரத்த அழுத்தம் விழுந்தவர்களை மட்டும் வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும் சீக்கிரம் போட்டதால் நன்மை தெரியவில்லை.

சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்தது 2020-ல் வெளிவந்த பெரிய ஆய்வு. 15 நாடுகள், 168 மருத்துவமனைகள், சுமார் 3,000 நோயாளிகள். 90 நாளில் இறந்தவர்கள் சீக்கிரம் தொடங்கிய குழுவில் 43.9 சதவீதம், காத்திருந்த குழுவில் 43.7. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸை நம்பி இருந்தவர்கள் சீக்கிரம் தொடங்கிய குழுவில் 10.4 சதவீதம், காத்திருந்த குழுவில் 6 சதவீதம். நம்ம ஆட்கள் எதற்குப் பயந்து மெசின் வேண்டாம் என்கிறார்களோ, அதில் ஒரு துளி உண்மை இங்கே இருக்கிறது. ஆனால் அது தேவையில்லாமல் அவசரப்பட்டுப் போடுவதைப் பற்றியது, தேவைப்படும்போது போடுவதைப் பற்றியது இல்லை.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடனே போட்டே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்களை இவற்றில் சேர்க்கவே இல்லை. அவர்களைக் காக்க வைப்பது பாவம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுருக்கமாக: ஆபத்து அறிகுறி இல்லாத ஆளுக்கு முன்கூட்டியே மெசின் போட்டால் கூடுதலாக உயிர் பிழைப்பதில்லை, சில கெடுதல்கள் கூடுகின்றன, பலருக்கு மெசின் தேவையே இல்லாமல் போகிறது.

காத்திருக்கவே கூடாத நேரங்கள்

தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடப் போகிறது என்றால் மழை விடுமா என்று யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். உடம்பில் அந்தப் பிளக் பாயிண்ட் பொட்டாசியம். சாதாரணமாக 3.5-லிருந்து 5 மில்லிமோல். இது இதயத்தின் மின்சாரத்தை நடத்தும் உப்பு. 6-ஐத் தாண்டி, மருந்து கொடுத்தும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம்.

கால் புண்ணிலிருந்து கிருமி ஏறி வந்த ஓர் அக்கா. இனிப்புநீர்க்காரர். இரவு 11 மணிக்குப் பொட்டாசியம் 6.9, ஈசிஜியில் இதயத்தின் கோடு ஊசி ஊசியாக நிமிர்ந்து நிற்கிறது. கால்சியம் ஊசி, இன்சுலினும் குளுக்கோசும் கொடுத்தாயிற்று, 6.7-க்குக் கீழே இறங்கவில்லை. கையெழுத்துக் கேட்டால் மகன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமாகிட்ட கேக்கணும்" என்கிறார். மாமா போனில், "மெசின் போட்டா திரும்ப மாட்டாங்கடா, வேண்டாம்" என்கிறார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. நான் அந்தக் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினோம். ஒன்பது நாள் மெசினில் இருந்தார், பத்தாம் நாள் சிறுநீர் வர ஆரம்பித்து நிறுத்தினோம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் இதயம் நின்றிருந்தால், மறுநாள் பந்தலில் என்ன பேசியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

பொட்டாசியம் தவிர இன்னும் சில. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும்போது, சிறுநீர் போக வைக்கும் லேசிக்ஸ் ஊசிக்கும் அசையவில்லை என்றால். இரத்தத்தின் அமிலத்தன்மை மிகவும் ஏறிவிட்டால், அதாவது 7.4 அளவில் இருக்க வேண்டிய பிஎச் 7.15 பக்கம் இறங்கிவிட்டால். கழிவு மூளையைத் தாக்கி ஆள் தடுமாறினாலோ, இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கினாலோ. கள்ளச்சாராயத்தில் கலந்து வரும் மெத்தனால் போன்ற சில விஷங்கள் உள்ளே போயிருந்தாலும் டயாலிசிஸ் உடனே தேவைப்படும், சிறுநீரகம் நன்றாக இருந்தால்கூட.

காத்திருப்புக்கும் ஓர் எல்லை உண்டு

காத்திருப்பது நல்லது என்றால் இன்னும் இன்னும் காத்திருந்தால்? அதையும் பிரான்சில் பார்த்தார்கள், 2021-ல் முடிவு வந்தது. மூன்று நாளுக்கு மேல் சிறுநீர் மிகவும் குறைந்தே இருந்தவர்கள், அல்லது யூரியா என்ற இன்னொரு கழிவு 40 மில்லிமோலைத் தாண்டியவர்கள், மொத்தம் 278 பேர். ஒரு குழுவுக்கு அப்போதே தொடங்கினார்கள். மற்றக் குழுவை யூரியா 50 ஆகும்வரை அல்லது ஆபத்து அறிகுறி வரும்வரை மேலும் காக்க வைத்தார்கள். 60 நாளில் முதல் குழுவில் இறந்தவர்கள் 44 சதவீதம், இரண்டாவதில் 55. சின்ன ஆய்வுதான், ஆனாலும் மேலும் தள்ளிப்போட்டதால் ஒரு நன்மையும் இல்லை, கெடுதல் இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதனால்தான் மூன்று நாளாகப் பை ஏறக்குறைய காலியாகவே இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டர்கள் மெசினைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்த ஆய்வுகள் எல்லாம் மெசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஐசியூக்களில் நடந்தவை. நமக்குத் தீவிர சிகிச்சை என்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும், சுமார் 30 கிலோமீட்டர். உள்ளே இருக்கும் தோட்டங்களிலிருந்து செம்மண் பாதையில் மெயின் ரோட்டுக்கு வருவதற்கே மழைநாளில் தனி நேரம் ஆகும். பொட்டாசியம் 6.5 ஆன பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவது காத்திருப்பு ஆகாது. ஆகவே என் கருத்து இதுதான்: மெசின் போடக் காத்திருக்கலாம், மெசின் இருக்கும் இடத்துக்குப் போகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு சிறுநீர் குறைந்து, நிறம் கறுத்துப்போனால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு நாள் வேலைக்குப் போகாதீர்கள். அந்த வலி மாத்திரைகளில் பல, தள்ளாடும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைக்கும். கிளினிக்கில் எலி, தேங்கிய தண்ணீர், காலில் புண் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வது என்று இருக்க வேண்டாம்.

எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. பிரேசிலில் 2007-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த நோய் முற்றி ஐசியூவுக்கு வந்தவர்களுக்குத் தாமதிக்காமல் தினமும் டயாலிசிஸ் செய்ததில் இறப்பு குறைந்திருந்தது. பெரிய ஆய்வுகளின் பொது விடை ஒவ்வொரு நோய்க்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மஞ்சள் காமாலையோடு நுரையீரலிலும் இரத்தம் கசியும் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் நோயாளிக்கு டாக்டர் சீக்கிரமே மெசின் போடச் சொன்னால், அதற்கும் காரணம் இருக்கிறது.

டாக்டரிடம் என்ன கேட்பது

"ஏன் இன்னும் போடலை?" என்று கேட்டால் பெரும்பாலும் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, பொட்டாசியம் இன்று எவ்வளவு, நேற்று எவ்வளவு என்று கேளுங்கள். கடந்த ஆறு மணி நேரத்தில் சிறுநீர் எத்தனை மில்லி? நுரையீரலில் தண்ணீர் இருக்கிறதா? லேசிக்ஸ் ஊசி போட்டுப் பார்த்தீர்களா, அடுத்த இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிக்கு மேல் வந்ததா? வந்திருந்தால் சிறுநீரகம் மேலும் மோசமாகும் வாய்ப்பு குறைவு, அது நல்ல சேதி. கடைசியாக, எது நடந்தால் மெசின் போடுவீர்கள் என்று கேளுங்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் காலை நேரத்தில் கேட்டால் பதில் நன்றாகக் கிடைக்கும். மலாயில் கேட்கத் தயக்கமாக இருந்தால் தமிழ் தெரிந்த மிஸ்ஸியையோ வேறு யாரையாவதோ பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட வேண்டி வந்தால் யார் போடுவது என்பதை மட்டும் குடும்பத்தில் முன்னமே பேசி வைத்துவிடுங்கள், இரவு 11 மணிக்கு மாமாவுக்குப் போன் போடும்படி விட வேண்டாம்.